பாடு இல்லாத ஐந்து பேர்

ஒரே வாரத்தில் மூன்று மேற்படிப்பு விண்ணப்பங்களை நிரப்பினேன். முப்பத்தாறு வயதில் உனக்கு இது என்ன கிறுக்கு என்று கேட்டாள், என்னோடு வேலை பார்க்கும் வித்யா. மீஞ்சூரிலிருந்து பஸ் பிடித்து, பழவேற்காட்டில் இறங்கி, படகேறி எங்கள் திட்டுக்கு வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடுகிறவள் அவள். அவள் கேட்டதில் தப்பில்லைதான். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படாது.

பசியாவரத்தைத் தாண்டி இருக்கும் சின்னத் திட்டு எங்கள் ஊர். பள்ளியில் இரண்டு ஆசிரியைகள், முப்பத்தொரு பிள்ளைகள், ஐந்தாம் வகுப்பு வரை. தலைமையாசிரியர் ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகிறது. அந்த நாற்காலியில் 'பொறுப்பு' என்ற ஒரு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். பெயர் பூவிழி. பிறந்ததும் இந்த ஏரியில்தான், கட்டிக்கொண்டதும் இந்த ஏரியில்தான்.

முதல் விண்ணப்பம் எம்.எட். பொன்னேரிப் பக்கம் ஒரு கல்லூரி. முடித்தால் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளர் ஆகலாம், ஃபேனுக்குக் கீழே காலம் ஓடிவிடும். இரண்டாவது, அஞ்சல் வழியில் ஒரு எம்.ஏ. புத்தகம் வீட்டுக்கு வரும், பரீட்சை எழுதினால் சான்றிதழும் வீட்டுக்கே வரும். மூன்றாவதுதான் நான் ராத்திரி பகலாக நினைத்துக்கொண்டிருந்தது. பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகம், கல்வித் தலைமையும் கொள்கையும் என்று இரண்டு வருஷ முதுகலை. வேலை பார்க்கிறவர்களுக்கென்றே நடத்துவது. விடுமுறைகளில் போய் வகுப்பில் உட்கார வேண்டும், மற்ற நாளில் நம் பள்ளிக்கூடமே பாடம். அதை முடித்தவர்கள் வட்டார அலுவலகத்துக்குப் போகிறார்கள், பாடத்திட்டக் குழுவுக்குப் போகிறார்கள், அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்குப் போகிறார்கள்.

எம்.எட். படித்தால் எப்படிப் பாடம் நடத்துவது என்று நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். பாடம் நடத்த எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது வேறு. பள்ளிக்கூடம் இத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்று முடிவெடுப்பது யார்? எந்த பாஷையில் பேசினால் அந்த ஆளுக்குக் காது கேட்கும்? இது தெரிந்தாக வேண்டும் என்று நினைத்தேன். மற்ற இரண்டு விண்ணப்பங்களையும் மடித்து அலமாரியில் போட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் அனுப்பினேன்.

என் வீட்டுக்காரர் முத்துராஜ், பெங்களூர் எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். சரி என்று வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த மனுஷனிடம் சண்டை போடுவது தண்ணீரில் குத்துவிடுகிற மாதிரி.

நேரம் என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி கிடைக்காது. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் எல்லோரும் ஒரே நாளில் வலை போட்டால் அடிதடியில்தான் முடியும். அதனால் ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி, எந்த நாளில் எந்தெந்த வீடு எங்கே வலை போடலாம் என்று முறை பிரித்துக்கொள்வோம். அதற்குப் பெயர் பாடு. பாடு வந்த வீட்டில் விடிந்ததும் இறால் கரைக்கு வரும். ஐஸ் பெட்டி ஏற்றும் படகு கிளம்புவதற்குள் அதைத் தரம் பிரித்தாக வேண்டும். கை இருக்கிற அத்தனை பேரும் உட்கார வேண்டும், சின்னப் பிள்ளைகள் உட்பட. பன்னிரண்டு மணிக்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் பள்ளி ஒன்பதரைக்கே தொடங்கிவிடுமே.

நான் வந்த முதல் வருஷம் பாடு நாளில் பாதி வகுப்பு காலி. வீடு வீடாகப் போய்ச் சத்தம் போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. இரண்டாவது வருஷம் நானே இறங்கி வந்தேன். ஊர்த்தலைவர் தனக்கோடியிடம் போய், எந்த வீட்டுக்கு எந்த நாள் பாடு என்ற முறைப் பட்டியலை மூன்று மாதத்துக்கு முன்பே வாங்கிக்கொண்டேன். அன்றைக்குப் பாடுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் ஒரு மணிக்கு வந்தால் போதும், ஐந்தரை வரை நான் உட்கார்ந்து நடத்துவேன் என்று சொன்னேன். சொன்னபடியே நடத்தவும் செய்தேன். இரண்டு வருஷத்தில் ஐந்தாம் வகுப்பில் தடங்கல் இல்லாமல் வாசிக்காத பாடுள்ள வீட்டுப் பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. பெங்களூருக்கு எழுதிய கட்டுரையில் இதைத்தான் எழுதினேன், கொஞ்சம் பெருமையாகவே எழுதினேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டும் விட்டார்கள்.

ஒன்றை மட்டும் கட்டுரையில் எழுதவில்லை. வருகைப் பதிவை மொபைலில் ஏற்ற வேண்டும், காலை பத்து மணியோடு அது மூடிவிடும். ஒரு மணிக்கு வரப்போகிற பிள்ளைக்குப் பத்து மணிக்கு என்ன போடுவது? வரத்தானே போகிறான் என்று 'வந்தான்' என்றே போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் பாடு என்றால் அது எழுதாத சட்டம், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தில் எனக்கு இது பொய் என்றே தோன்றவில்லை.

நேர்முகத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது வட்டாரக் கல்வி அலுவலர் தாமோதரன் சொல்லாமல் கொள்ளாமல் படகில் வந்து இறங்கினார். பாடு நாள். மணி பத்தரை. மொபைலில் இருபத்தேழு பேர். வகுப்பில் எண்ணிப் பார்த்தால் ஒன்பது பேர். அவர் இரண்டு தரம் எண்ணினார். வித்யா சுவரோடு சுவராக நின்றாள். ஒரு மணி வரை இருங்கள் சார், எல்லோரும் வருவார்கள் என்று கெஞ்சினேன். படகுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

மூன்றாம் நாள் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மெமோ பாக்கி இருக்கிற ஆசிரியைக்கு மேற்படிப்புக்கான தடையின்மைச் சான்று கிடைக்காது. அந்தச் சான்று இல்லாமல் பெங்களூரில் சேர்க்க மாட்டார்கள். மாதக் கடைசிக்குள் அது கையில் இருக்க வேண்டும். இதற்கு நடுவே, தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் அந்த வருஷம்தான் முதல்முறையாக என் பெயர் வந்திருந்தது. பயந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

தாமோதரன் கெட்டவர் இல்லை. போன் செய்து, நல்ல புத்தி சொல்கிற குரலில் பேசினார். திட்டில் நெட்வொர்க் கிடைக்காது, தெரியாமல் கை பட்டுத் தவறாகப் பதிவாகிவிட்டது, இனி இப்படி நடக்காது என்று நாலு வரி எழுதிக்கொடுங்கள், நான் மெமோவை முடித்துச் சான்றுக்குப் பரிந்துரை செய்கிறேன் என்றார். விஷயம் ஊருக்குள் போனதும் தனக்கோடி தன் பங்குக்கு வந்தார். அன்றைக்குப் பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் காய்ச்சல் என்று ஊரே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும், நீ இன்னாத்துக்கும்மா பேஜாரா கீற என்றார். முத்துராஜ்கூட அன்றைக்கு வாயைத் திறந்தார். நாலு வரிதானே, எழுதிவிடு என்றார்.

எழுத உட்கார்ந்தேன். 'நெட்வொர்க்' என்று எழுதினேன், கை நின்றுவிட்டது. இதை எழுதிவிட்டால் பாடு என்று ஒன்று இருப்பதே இலாகாவுக்குத் தெரியாது. எனக்கு அடுத்து வருகிறவளும் இதே மாதிரி திருட்டுத்தனமாகப் பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டும், அவளும் ஒருநாள் மாட்டிக்கொண்டு நெட்வொர்க்கின் மேல் பழி போட வேண்டும். இதற்கா நான் கொள்கை படிக்கப் பெங்களூர் போகிறேன்? என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நடந்ததை நடந்தபடி மூன்று பக்கம் எழுதினேன். பாடு முறைப் பட்டியலின் நகலையும் பின்னால் வைத்துத் தைத்தேன்.

அதை எடுத்துக்கொண்டு வட்டார அலுவலகத்துக்குப் போனேன். ஒரு தியாகம் செய்துவிட்ட தோரணையில்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. தாமோதரன் மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். பிறகு பட்டியலை எடுத்துப் பள்ளியின் பெயர்ப் பட்டியலோடு வைத்து, ஒவ்வொரு பெயராகப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். மனுஷன் எதையும் எண்ணாமல் விடமாட்டார் போலிருக்கிறது.

"டீச்சர், உங்ககிட்ட முப்பத்தொரு பிள்ளைங்க. இந்தப் பட்டியல்ல இருபத்தாறு பேரோட வீடுதான் இருக்கு. மீதி அஞ்சு பேர் யாரு?"

அவர்களுக்குப் பாடு கிடையாது சார் என்றேன்.

"அன்னிக்கு நீங்க ஆப்சென்ட் போட்டது நாலு பேருக்கு. நாலு பேரும் இந்த அஞ்சுலதான் வராங்க. அவங்க எங்க போனாங்க?"

பென்சில் கோடு விழாத ஐந்து பெயரையும் பார்த்தேன். பாடு என்பது ஆம்பிளை உள்ள வீட்டுக்கு, அதுவும் எங்கள் சமுதாயத்து வீட்டுக்கு. நாகம்மாளின் புருஷன் கடலில் போய் ஆறு வருஷமாகிறது, அவரோடு பாடும் போயிற்று. அவளுக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தவள் வெண்ணிலா ஐந்தாம் வகுப்பு. மற்ற மூன்று பேரும் திட்டின் தெற்கு முனையில் இருக்கும் இருளர் குடும்பத்துப் பிள்ளைகள். இவர்களெல்லாம் தண்ணீர் வற்றும் நேரத்தில் சேற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கிறவர்கள். பாடுள்ள வீட்டுப் பிள்ளை வராவிட்டால் 'வந்தான்' போட்ட இதே விரல், இந்தப் பிள்ளைகள் வராவிட்டால் 'வரவில்லை' என்று ஒழுங்காகப் போட்டிருக்கிறது. வெண்ணிலாவுக்கு அந்தப் பருவத்தில் மட்டும் நாற்பத்தொரு நாள். போதாததற்கு நான் இரண்டு முறை நாகம்மாள் வீட்டு வாசலில் நின்று, பிள்ளையைப் படிக்கவைக்க அக்கறையில்லையா என்று கத்திவிட்டும் வந்திருக்கிறேன்.

எழுதிய மூன்று பக்கத்தையும் தாமோதரன் கையிலிருந்து திருப்பி வாங்கினேன். இன்னும் முடியவில்லை சார், நாளை மறுநாள் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.

படகை விட்டு இறங்கி நேராக நாகம்மாளிடம்தான் போனேன். கால் முழுக்கச் சேறோடு அப்போதுதான் கரையேறியிருந்தாள். பின்னால் வெண்ணிலா, பனையோலைக் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். மூன்றாவது தடவையும் கத்த வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். அக்கா, நான் பண்ணது தப்பு என்று ஆரம்பித்தேன். தடுமாறித் தடுமாறி முழுவதையும் சொன்னேன். நாகம்மாள் கையைக்கூடக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கு நாள் குறிச்சுத் தராங்க டீச்சர். எங்களுக்குத் தண்ணி எறங்குற நேரம்தான் நாளு. அது தெனிக்கும் மாறும். நீ ஒருநாளாவது எங்கள இன்னா ஏதுன்னு கேட்டியா?"

கேட்கவில்லை என்றேன். 

அன்றைக்கே அவள் வீட்டு முன்னால் குந்தி உட்கார்ந்து, அடுத்த இரண்டு வாரத்துக்குத் தண்ணீர் எப்போது வற்றும், எப்போது ஏறும் என்று அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். காலையில் வற்றினால் ஐந்து பேரும் மதியம் வருவது, மதியம் வற்றினால் காலையில் சீக்கிரமே வந்துவிடுவது. தெற்கு முனைக்கும் நடந்துபோய் அவர்களிடமும் பேசினேன். அடுத்த நாள் தனக்கோடி என்னை வழியில் நிறுத்தினார். பாடில்லாத வீட்டைப் பற்றிச் சர்க்காருக்கு எழுதி ஊர் மானத்தை வாங்கப் போகிறாயா என்று கேட்டார். ஊர் மானம் போகாது தலைவரே, போனால் என் மானம்தான் போகும் என்று சொல்லிவிட்டு நடந்தேன். பத்து நாள் அவர் என்னோடு பேசவில்லை. எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

விளக்கம் ஐந்து பக்கமாயிற்று. வராத பிள்ளைக்கு வந்ததாகப் பதிவு செய்தது என் பொய், வர முடியாத பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்காதது அதைவிடப் பெரிய தப்பு என்று எழுதினேன். ஐந்து பேரின் பெயரையும் வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாமோதரன் படித்துவிட்டு, இப்படி எழுதினால் என்னால் முடித்துவைக்க முடியாது, மேலே மாவட்ட அலுவலகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும், தண்டனை வரும் என்றார். தண்டனையோடு முடிந்தாலும் மெமோ முடிந்ததுதானே, அதற்குப் பிறகு சான்றுக்குத் தடையில்லையே, அனுப்புங்கள் சார், கொஞ்சம் சீக்கிரமாக அனுப்புங்கள் என்றேன். முதல் தடவையாக அவர் லேசாகச் சிரித்தார்.

நேர்முகம் சென்னையில் நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், அதில் ஒரு அம்மாவுக்குத் தமிழ் தெரியும். கட்டுரையைப் பாராட்டினார்கள். கட்டுரையில் நான் விட்டதையும் சொல்கிறேன் என்று மெமோவைப் பற்றியும் ஐந்து பிள்ளைகளைப் பற்றியும் சொன்னேன். இங்கிலீஷில் தொடங்கியது பாதியில் தமிழாகிவிட்டது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போச்சு என்று நினைத்தேன். அந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். நாளைக்கு நீங்கள் கல்வி அலுவலராகி, உங்கள் கீழ் வேலை பார்க்கும் ஒரு ஆசிரியை இதே மாதிரி பொய் வருகை போட்டால் என்ன செய்வீர்கள்?

"மெமோ குடுப்பேன் மேடம். பொய் பொய்தான். ஆனா அத தபால்ல அனுப்ப மாட்டேன். நானே படகேறிப் போய்க் குடுத்துட்டு, பள்ளிக்கூடம் எப்ப ஆரம்பிச்சு எப்ப முடியுதுன்னு கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போற வரைக்கும் ஒக்காந்து பாத்துட்டுதான் வருவேன்."

நான்காம் நாள் இடம் கிடைத்த கடிதம் வந்தது. மாதம் முடிய ஒன்பது நாள் பாக்கி. அதற்குப் பிறகு நான் மாவட்ட அலுவலகத்துக்கு நடந்த நடைக்கு அந்த வாசல்படியே தேய்ந்திருக்கும். தினமும் மூன்று மணிக்குப் பள்ளியை வித்யாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புவேன். அவளும் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் ஐந்தரை வரை இருந்தாள், கிறுக்கு என்று சொன்னவள்தான். அலுவலகத்தில் கோப்பு ஒரு மேசையில் இல்லை என்பார்கள், அடுத்த மேசைக்குப் போவேன். அங்கேயும் இல்லை என்பார்கள், அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். இன்றைக்கு வராது, போய்விட்டு வாருங்கள் என்று ஒருநாள் ஒருவர் சொன்னார். நாளைக்கும் நான்தான் சார் வருவேன், இன்றைக்கே பார்த்துவிட்டால் உங்களுக்கும் நல்லது என்றேன்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் இரண்டு காகிதமும் ஒன்றாக வந்தன. மேலே தண்டனை ஆணை, கண்டனம், பணிப்பதிவேட்டில் பதிய வேண்டும் என்று. அதனால் இந்த வருஷப் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து என் பெயர் எடுக்கப்படுகிறது. கீழே தடையின்மைச் சான்று, கையெழுத்தோடும் முத்திரையோடும்.

முத்துராஜ் என்னோடு வந்திருந்தார். முதல் காகிதத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "நாலு வரி எழுதியிருந்தா ரெண்டும் கெடச்சிருக்கும் பூவு," என்றார். கெடச்சிருக்கும் என்றேன். தலைமையாசிரியை என்ற பெயர்ப்பலகையை நான் எத்தனை தரம் மனசுக்குள் எழுதிப் பார்த்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். வலிக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

ஆனால் ஆணையை முழுவதும் படித்தேன். சர்க்கார் தமிழில், மூச்சு விடாத ஒரே வாக்கியம். பாடு எனப்படும் மீன்பிடி முறை நாட்களில், அம்முறையில் உரிமை உள்ள குடும்பங்களின் மாணவர்களுக்கு அவர்கள் வருகை தராமலேயே வருகை பதிவு செய்தமைக்காகவும், உரிமையற்ற குடும்பங்களைச் சேர்ந்த கீழ்க்காணும் ஐந்து மாணவர்களுக்கு மாற்று நேரம் வழங்காமல் வருகையின்மை பதிவு செய்தமைக்காகவும் என்று போனது. அதன் கீழே ஐந்து பெயர். முதல் பெயர் வெண்ணிலா, தாய் பெயர் நாகம்மாள். இரண்டு தரம் படித்துவிட்டு எழுத்தரின் மேசைக்குத் திரும்பிப் போனேன். சான்றுக்கு நகல் வேண்டாம் சார், இந்தத் தண்டனை ஆணைக்கு முத்திரை போட்ட நகல் இரண்டு வேண்டும் என்றேன்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தண்டனைக்கு நகல் கேட்ட ஆளை அவர் பார்த்ததே இல்லையாம். எதற்கம்மா இது என்றார்.

"பெங்களூர்ல மொத வகுப்புக்கு எங்க ஊரப் பத்தின சர்க்கார் காயிதம் ஒண்ணு எடுத்தாரச் சொல்லியிருக்காங்க சார். இந்த அஞ்சு புள்ளைங்களும் இன்னா காரணத்தால வரலைன்னு எழுதியிருக்கறது இது ஒண்ணுலதான்."